கட்டைவிரலுக்குத் தெரிந்தது

உனக்கு,

உன் புட்டியில் மிச்சமிருந்த புன்னை எண்ணெய் இப்போது என் முன்னால் எரிந்துகொண்டிருக்கிறது. பழைய மைக்கூடு ஒன்றில் அதை ஊற்றி, பாவாடை ஓரத்தைக் கிழித்துத் திரி போட்டிருக்கிறேன். வெளிச்சம் கொஞ்சம்தான், புகைதான் அதிகம். அந்தக் கசந்த வாசம் பெட்டிகள் வைக்கிற அறை முழுக்க நிறைந்துவிட்டது. அது போர்டிங் அம்மாவின் அறைவரை போய்விடுமோ என்று பயந்து, கதவின் அடியில் என் போர்வையைத் திணித்திருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பக்கத்துக் கூடத்தில் பாயில் கிடக்கிறார்கள்.

ஒரு வருஷமாக இந்தப் புட்டியை நான் திறக்கவில்லை. என் தகரப் பெட்டியில், துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். இன்று சாயங்காலம் திறந்தேன். ஏன் திறந்தேன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறவர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

போன வருஷம் கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்த வாரம்தான் நம்மை ஓட விட்டார்கள். பள்ளிக்கூட முற்றம் ரோட்டைப் பார்த்து இருந்தது. பெண்பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுவதைப் போகிறவர் வருகிறவர் பார்க்கக் கூடாதென்று, போர்டிங்குக்குப் பின்னாலிருந்த அறுத்த வயலில் கயிறு கட்டித் தடம் போட்டார்கள். நெல்தாள் குத்தீட்டி மாதிரி நிற்கிற வயல். நமக்கோ வெறுங்கால். முதல் நாளே முழங்காலுக்குக் கீழே எல்லாருக்கும் கீறல். மூன்று வாரம் கழித்து மற்றப் பள்ளிக்கூடங்களோடு போட்டி. நாலு பேர் ஓட்டம். ஒருத்தி ஓடிவந்து கையிலிருக்கிற குச்சியை அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். நான் மூன்றாவது, நீ கடைசி. நான் கொடுக்கிற குச்சியை வாங்கி முடிக்கிறவள் நீதான்.

ஓடின மறுநாள் காலையில் யாராலும் ஒழுங்காக எழும்ப முடியவில்லை. கெண்டைக்கால் கல்லாகிக் கிடந்தது. ஜெபத்துக்கு முழங்காலில் நின்றவர்கள் ஆமென் சொன்ன பிறகும் எழும்ப வழியில்லாமல் அப்படியே நின்றோம். அதைப் பார்த்து வெள்ளைக்கார மிசியம்மா நம் பக்தியை மெச்சிக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கஞ்சிக்கு வரிசையாக வந்த நம்மைச் சமையல்கார அக்கா ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏ பிள்ளையளா, என்ன எல்லாரும் பெத்து எழும்பினவளுவ மாதிரி நடந்து வாறிய?"

நீ கிண்ணத்தை நீட்டினாய். "அப்ப பெத்தவளுக்கு ஊத்துத மாதிரி ரெண்டு கரண்டி கூட ஊத்துங்க அக்கா."

ஊற்றவும் செய்தாள். உனக்கு மட்டும்.

டிரில் டீச்சர் வலியைப் பற்றிப் பேசவே விடவில்லை. "வலி வந்தா கால் உரம் ஏறுதுன்னு அர்த்தம். வலிக்குன்னு ஒருத்தி உக்காந்தா, பேரை அடிச்சிட்டு அடுத்தவள நிறுத்துவேன்" என்று சொல்லிவிட்டார். உன் பேரை அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று நம் இருவருக்குந்தான் தெரியும். அடுத்த தை மாதம் உனக்குக் கல்யாணம் முடிக்க வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. போட்டியில் நன்றாக ஓடினால், உன் அப்பாவிடம் தானே பேசி, டிரில் டீச்சர் படிப்புக்கு உன்னை அனுப்புவதாக மிசியம்மா சொல்லியிருந்தாள். அந்தக் குச்சியைக் கையில் வாங்கும்போதெல்லாம் உன் முகம் ஒரு மாதிரி இறுகிப்போகும். மற்றவர்கள் அதை ஜெயிக்கிற வெறி என்று நினைத்தார்கள்.

இந்த எண்ணெயைக் கொண்டுவந்தது உன் அப்பா. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டைக்காட்டுப் பக்கத்து உங்கள் ஊரிலிருந்து பாதி வழி நடந்து, பாதி வழி யாராவது வண்டிக்காரன் ஏற்றிவிட்டால் ஏறி வருவார். பனையேறிப் பனையேறி அவருடைய கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். நாம் நொண்டுவதைப் பார்த்துச் சிரித்தார். மடியிலிருந்து புட்டியை எடுத்து உன்னிடம் கொடுத்து, உன் காலைப் பிடித்து, கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினார்.

"அமுக்கினா சொகமா இருந்தா அது ஓடின வலி. விரல் பட்டாலே உசிரு போவுதுன்னா அது வேற தீனம். பின்ன தொடப்பிடாது, கேட்டியா?"

என்னையும் பார்த்துத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அதிலிருந்து சாயங்காலம் தோறும் குளிப்புரையின் படியில் உட்கார்ந்து ஒருத்தி காலை ஒருத்தி அமுக்கிவிடுவோம். உன் கால் என் மடியில் கிடக்கும். குதிகாலிலிருந்து மேலே ஏற்றி ஏற்றி நான் அமுக்க, நீ கண்ணை மூடிக்கொண்டு, "கொள்ளாம், கொள்ளாம்" என்பாய். நன்றாக இருக்கிறது என்பதை இப்படிச் சொல்கிற உன் மேற்குப் பேச்சைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். தண்ணீரை நீ வெள்ளம் என்று சொல்வதற்கும் சிரிப்பார்கள். உனக்கு ரோஷமே வராது.

எண்ணெயோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

எங்கள் வீட்டில் உழுது அவிழ்த்த காளைகளை அப்பா உடனே தொழுவத்தில் கட்ட மாட்டார். வாய்க்காலில் இறக்கி, முட்டளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார். கால் இறுக்கம் விட்டு, மறுநாள் ஏருக்கு முரண்டு பிடிக்காமல் வரும். சின்ன வயதிலிருந்து பார்த்தது. அதைத்தான் உன்னிடம் சொன்னேன்.

"ஏட்டி, மாட்டுக்கு ஆவும்னா நமக்கு ஆவாதா?"

"ஒனக்கு ஆவும். நீ மாடுதானே" என்றாய். ஆனால் எழும்பி வந்தாய்.

குளிப்புரைக்குப் பின்னால் தாழம்புதரில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி. அந்தப் பக்கம் வாய்க்கால். எருமை கழுவுகிற தண்ணீர், அதில் கால் வைக்கிறவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று போர்டிங் அம்மா முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். அறுப்பு முடிந்து மழையும் பெய்து தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. நாம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நின்றோம். கீறல்களில் முதலில் சுரீரென்று எரியும். பிறகு மரத்துப்போகும். பிறகு வலி எங்கே போனது என்றே தெரியாது. வயலில் எலி வளைகளைத் தோண்டிக்கொண்டிருந்த நாட்கள். செத்த எலி ஒன்று மிதந்து வந்து உன் முட்டியில் இடித்து நின்றது. நான் கத்தப் போனேன். நீ ஒரு தாழை மட்டையால் அதை மெல்லத் தள்ளிவிட்டாய்.

"போயிட்டு வா மக்கா. ஒனக்கும் கால் வலியா?"

நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பு இப்போதும் என் வயிற்றில் கிடக்கிறது.

எத்தனை நாள் இறங்கினோம் என்று சரியாக நினைவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். ஒரு காலையில் உன் கண் சிவந்திருந்தது. தூசி என்றாய். கஞ்சியை என் கிண்ணத்தில் ஊற்றினாய். அன்றும் ஓடினாய். என் கையிலிருந்து நீ குச்சியை வாங்கியபோது உன் விரல்கள் சுட்டன. வெயிலில் நின்ற சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் படியில் உட்கார்ந்து உன் காலை மடியில் எடுத்தேன். எண்ணெயைத் தடவி, வழக்கம்போலக் கட்டைவிரலை வைத்தேன். அமுக்கக்கூட இல்லை, வைத்தேன். நீ தாவணி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு காலை வெடுக்கென்று இழுத்தாய்.

"ஏட்டி, தொடாத."

அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. உன் அப்பா சொன்ன இரண்டு வலியில் இது எது என்று என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

"போர்டிங் அம்மாட்ட சொல்லட்டா?"

"சொல்லிராத. சொன்னா பேரை அடிச்சிருவாவ. பின்ன எனக்குன்னு ஒண்ணும் இல்ல. இன்னும் நாலு நாளுதானே."

நான் சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டதனால் மட்டும் சொல்லாமல் இருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொன்னால் வாய்க்காலைப் பற்றியும் கேட்பார்கள். வாய்க்கால் என்றால் என்னையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தப் பயமும் இருந்தது. பாதிக்கு மேல் அதுதான்.

மூன்றாம் நாள் நீ தடத்தில் விழுந்தாய். உன் வெள்ளைவிழி மஞ்சளாகியிருந்ததை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். மாட்டுவண்டியில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போர்டிங் அம்மா உன் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் உன் துணி மூட்டையோடு காலருகே இருந்தேன். வண்டி ஆடும்போதெல்லாம் உன் கால் பலகையில் இடித்துவிடாமல் என் கையை இடையில் கொடுத்துக்கொண்டு வந்தேன். அது ஒன்றுதான் நான் உனக்குச் செய்தது.

டாக்டர் உன் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார். நீ அலறினாய். அவர் நிமிர்ந்து போர்டிங் அம்மாவிடம் கேட்டார்.

"இந்தப் பிள்ளை எங்கேயாவது கலங்கின தண்ணியில நின்னாளா?"

"எங்க பிள்ளையள் கிணத்துத் தண்ணி தவிர வேற தண்ணியில கால் வைக்காது டாக்டர்."

நான் வாசலில் நின்றேன், மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. நீ என்னைப் பார்த்தாய். சொல் என்று பார்த்தாயா, சொல்லாதே என்று பார்த்தாயா? ஒரு வருஷமாக அந்தப் பார்வையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எனக்குப் பிடிபடவில்லை.

சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தண்ணீர்தான் காரணமா என்றும் தெரியாது. நானும் அதே தண்ணீரில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அவர் கேட்டார். பதில் என்னிடம் இருந்தது.

உன் அப்பா வந்து சேர்ந்தபோது உனக்குப் பேச்சு நின்றிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கண்டதும் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"மக்கா, நீயும் கூட ஓடினவதானே? ஓடித்தான் எம்பிள்ளைக்கு இப்படி ஆச்சா?"

"ஆமா மாமா" என்றேன்.

அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் நீ போய்விட்டாய். அந்த வருஷம் நம் பள்ளிக்கூடம் போட்டிக்குப் போகவில்லை. உன் தங்கையை இந்த வருஷம் இங்கே சேர்ப்பதாக இருந்ததல்லவா? சேர்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு விட்டால் ஓட விடுவார்கள், ஓட்டந்தான் மூத்தவளைக் கொன்றது என்று உன் அப்பா சொல்லிவிட்டாராம். சமையல்கார அக்கா சொல்லித்தான் கேள்விப்பட்டேன். நான் சொன்ன ஒரு சொல் உன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, உன் தங்கையை வெளியே விடாமல் வைத்திருக்கிறது.

இப்போது மறுபடியும் அறுப்பு முடிந்துவிட்டது. மறுபடியும் வயலில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கடைசியாக ஓடுவது இந்தத் தடவை நான். எனக்கு முந்தின இடத்தில் சாராள் ஓடுகிறாள். உனக்கு அவளைத் தெரியும். போன வருஷம் மெலிந்து, இருமிக்கொண்டே இருப்பாளே, அவள்தான். இப்போது நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டாள். முதல் இரண்டு நாள் ஓடியதும் எல்லாரும் அதேபோலச் சுவரைப் பிடித்து நடந்தார்கள். சமையல்கார அக்காவும் அதே கேலியைச் சொல்லப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் சாராளும் மற்ற இரண்டு பேரும் தாழம்புதரின் அந்த இடைவெளி வழியாக வந்தார்கள். பாவாடையின் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது. சாராள் என்னைக் கண்டு சிரித்தாள்.

"வலி போன எடம் தெரியல. நீயும் வாறியா? நீங்க ரெண்டு பேரும் கண்டுபிடிச்ச எடம்தானே. போன வருசமே நாங்க பாத்தாச்சு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு வேண்டாம்" என்றேன். அவ்வளவே. போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஏன் என்று கேட்பார்களே. மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும். ஒன்பது நாள், தாழம்புதரை நான் குளிப்புரைப் படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடிப் பழகின எனக்கு அந்தப் பத்தடி தூரம் போக முடியவில்லை.

இன்று சாராள் கஞ்சி குடிக்கவில்லை. விளக்கு வைக்கும் முன்பே பாயை விரித்துப் படுத்துவிட்டாள். ஓடின வலி என்றாள். கண்ணைப் பார்த்தேன், சிவந்திருந்தது. அப்போதுதான் என் பெட்டியைத் திறந்து உன் புட்டியை எடுத்தேன்.

அவளுக்கு ஏதோ பரிவு காட்டுகிறேன் என்று நினைத்து, காலை நீட்டிக் கொடுத்தாள். உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தேய்த்து, கெண்டைக்காலில் கட்டைவிரலை வைத்தேன். உனக்கு வைத்தது மாதிரியே, அமுக்காமல்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "ஏட்டி, தொடாத" என்றாள். நீ சொன்ன அதே இரண்டு சொல். நெற்றி கொதித்தது. "யாருட்டயும் சொல்லிராத, என்ன? ஒன்னை நம்பித்தான்" என்றாள்.

இரவு எல்லாரும் படுத்த பிறகு, அவளோடு வாய்க்காலுக்குப் போன மற்ற இரண்டு பேருடைய பாய்களுக்கும் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கால்களையும் பிடித்து அமுக்கினேன். ஒருத்தி புரண்டு கொடுத்தாள். இன்னொருத்தி தூக்கத்திலேயே, "இன்னும் அமுக்குடீ" என்று முனகினாள். அது ஓடின வலி. அதைக் கேட்டு இருட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு இங்கே வந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

எழுதி முடித்தால் துணிச்சல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வாய்க்காலைப் பற்றிச் சொன்னால் உன்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளை எங்கள் அப்பா வந்து என் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போவார். பிள்ளைகள் எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். உன் அப்பாவுக்கும் தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட அதற்குத்தான் எனக்குப் பயம். ஆனால் துணிச்சல் வந்த பிறகு போகலாம் என்று இருந்தால் விடிந்துவிடும். விடிந்தால் சாராள் எழும்பி ஓடுவாள். எனக்குத் தெரியும், நீயும் அப்படித்தான் எழும்பி ஓடினாய்.

போகிறேன்.

---

போய்விட்டு வந்து இதை எழுதுகிறேன். வண்டி வருவதற்குள் முடிக்க வேண்டும்.

போர்டிங் அம்மா அரிக்கன் விளக்கைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் சாராளைச் சொன்னேன். வாய்க்காலைச் சொன்னேன். உன்னைச் சொன்னேன். டாக்டர் கேட்டபோது வாசலில் நின்றதைச் சொன்னேன். கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. பிறகு அவளே சுவரில் சாய்ந்துகொண்டாள். "நானும்தானே சொன்னேன், எங்க பிள்ளையள் கால் வைக்காதுன்னு" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

கூடத்துக்குப் போய்ச் சாராளின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். வண்டிக்காரரை எழுப்ப ஆள் அனுப்பினாள். தூங்கிக்கொண்டிருந்த மற்ற இரண்டு பேரையும் எழுப்பி, அவர்களும் வண்டியில் ஏற வேண்டும் என்றாள். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீயும் வா. டாக்டர் கேட்டா நீதான் சொல்லணும்."

சாராள் என்னோடு பேசவில்லை. பாயில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். அவள் பிழைப்பாளா என்று எனக்குத் தெரியாது. உனக்கு மூன்று நாள் கழித்துச் செய்ததை இவளுக்கு முதல் நாளே செய்கிறோம், அவ்வளவுதான்.

திரும்பி வந்தால், என்னை வீட்டுக்கு அனுப்பும் முன்னால் இன்னொரு கடிதம் எழுத வேண்டும். உன் அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. உன் தங்கைதான் வாசித்துக் காட்டுவாள். அவளுடைய வாயால் அவர் அதைக் கேட்க வேண்டும். ஓட்டம் உன்னைக் கொல்லவில்லை என்று.

புட்டியில் இனி ஒன்றுமில்லை. மைக்கூட்டில் இருப்பதுதான் கடைசி. தாளில் அங்கங்கே எண்ணெய்க் கறை. என் கட்டைவிரல் பட்ட இடங்கள் அவை. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த விரலுக்குத் தெரிந்த அந்த ஒன்றுதான். உனக்கு அது உதவவில்லை.

வாசலில் மாட்டு மணி கேட்கிறது. வண்டி வந்துவிட்டது. சாராளின் கால் பலகையில் இடிக்காமல் நான் கையைக் கொடுத்துக்கொண்டு போவேன். ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை நான் வாசலில் நிற்க மாட்டேன். டாக்டர் கேட்கட்டும், கேட்காமல் போகட்டும், உள்ளே போய்ச் சொல்வேன்.